ஒரே வீடு, ஐந்து கைப்பேசி: கிளவுட் இடத்தைக் குடும்பத்தோடு பங்கிடும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் பல குடும்பங்கள் தங்கள் முதல் ஜிமெயில் கணக்கைத் தாமே திறந்ததில்லை. கைப்பேசி வாங்கிய கடையில் சிம் அட்டையைப் பொருத்திக் கொடுத்த பையனே, வாய்க்கு வந்த ஒரு பெயரில் கணக்கைத் திறந்து, ஒரு கடவுச்சொல்லையும் போட்டுக் கொடுத்திருப்பான். பிறகு வீட்டுக்கு இரண்டாவது பேசி வரும்போது, தெரிந்த கணக்கு அது ஒன்றுதான் என்பதால் அதிலும் அதுவே ஏறும். இப்படி அப்பா, அம்மா, பாட்டி, பள்ளிக்குப் போகும் பிள்ளை என எல்லாரும் ஒரே கணக்கில் குடியிருக்கும் வீடுகளைப் பிரித்து, ஆளுக்கொரு கணக்கும் அனைவருக்கும் பொதுவான சேமிப்பு இடமும் அமைத்துக்கொள்வது எப்படி என்பதை இங்கே விளக்குகிறேன்.

எங்கள் வீட்டிலும் நான்கு பேசிகளில் ஒரே கணக்குதான் இருந்தது. முதலில் குழம்பியது தொடர்பு எண்கள். அம்மா தம் தம்பியை ‘மாமா’ என்று எங்களுக்காகப் பதிந்திருந்தார். அண்ணி தம் மாமனாரை, அதாவது எங்கள் அப்பாவை, ‘மாமா’ என்று பதிந்தார். என் தங்கை, கணவரின் தாய்மாமனையும் அதே பெயரில் சேர்த்தாள். எல்லாம் ஒரே பட்டியலில் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. அதைச் சிரித்துக் கடந்துவிடலாம். அடுத்து நடந்ததை அப்படிக் கடக்க முடியவில்லை. பால்மரம் வெட்டும் உளியை எப்படிப் பிடிப்பது, பால் வடியும் மங்குக் கிண்ணத்தை எந்த உயரத்தில் கட்டுவது என்று பாட்டி பேரப்பிள்ளைகளுக்குக் காட்டிய ஒரு காணொளி என் பேசியில் இருந்தது. தங்கையின் மகன் விளையாட்டுச் செயலி ஒன்றை இறக்குவதற்காகத் தன் கைக்குக் கிடைத்த பேசியில் பெரிய காணொளிகளையெல்லாம் கூகுள் ஃபோட்டோஸ் வழியாக அழித்தான். கணக்கு ஒன்றே என்பதால் எல்லாப் பேசிகளிலிருந்தும் அது போய்விட்டது. கிளவுட்டில், அதாவது கூகுளின் இணையச் சேமிப்பில், ஏற்றப்பட்ட படங்களை அழித்தால் 60 நாட்கள் குப்பைத்தொட்டியில் கிடக்கும், அதற்குள் எடுத்துவிடலாம். நாங்கள் தேடியதோ மூன்றாம் மாதத்தில், தீபாவளிக்கு உறவினர்கள் வந்தபோது.

ஆகவே இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஃபோட்டோஸ் செயலியில் ‘இடத்தைக் காலியாக்கு’ என்று ஒரு வசதி உண்டு. அது ஏற்கெனவே கிளவுட்டில் ஏறிவிட்ட படங்களின் பிரதியைப் பேசியிலிருந்து மட்டும் நீக்கும். கிளவுட்டில் படம் அப்படியே இருக்கும். ஆனால் அதே செயலியில் படத்தைத் திறந்து குப்பைத்தொட்டிக் குறியை அழுத்தினால் பேசியிலும் கிளவுட்டிலும், அந்தக் கணக்கு திறந்திருக்கும் மற்றப் பேசிகளிலும் சேர்த்துப் போய்விடும். பேசியில் இடம் போதவில்லை என்று தவிக்கும் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் முதலில் சொல்லித்தர வேண்டியது இதைத்தான்.

முதலில் வீட்டுக் கணக்கெடுப்பு

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாப் பேசிகளையும் மேசையில் வைத்து, ஒவ்வொன்றிலும் செட்டிங்ஸைத் திறந்து, எந்தக் கூகுள் கணக்கு இருக்கிறது, அதன் கடவுச்சொல் யாருக்குத் தெரியும், மீட்பு எண்ணாக எந்தத் தொலைபேசி எண் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவது கேள்விதான் பலரை விழிக்கவைக்கும். டாப் அப் செய்யாமல் விட்ட பிரிபெய்ட் எண் காலாவதியாகி, பின்னர் வேறொருவருக்குப் போகக்கூடும். உங்கள் கணக்கின் மீட்பு எண் அத்தகைய பழைய எண்ணாக இருந்தால், கடவுச்சொல்லை மறந்த நாளில் சரிபார்ப்புக் குறுஞ்செய்தி முன்பின் தெரியாத ஒருவரின் பேசிக்குப் போகும். எண்ணை மாற்றியவர்கள் பழைய சிம் உயிரோடு இருக்கும்போதே மீட்பு எண்ணையும் மாற்றிவிட வேண்டும்.

கடவுச்சொல் யாருக்குமே தெரியாத கணக்கு என்றால், பேசி இன்னும் திறந்திருக்கும் நிலையிலேயே மீட்பு எண்ணைச் சரிசெய்து புதிய கடவுச்சொல் வைக்க முயலுங்கள். பேசியை ‘ரீசெட்’ செய்துவிட்டால் தீர்ந்துவிடும் என்று எண்ண வேண்டாம். 2015இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 5.1 முதல், அழித்துத் துடைக்கப்பட்ட பேசி மறுபடியும் உயிர்பெறும்போது அதில் முன்பிருந்த கூகுள் கணக்கைக் கேட்கும் பாதுகாப்பு வந்துவிட்டது. திருடனைத் தடுக்க வந்த அந்தப் பூட்டு, கடவுச்சொல் தெரியாத பாட்டியையும் வெளியே நிறுத்திவிடும்.

தனிக் கணக்குகளைத் திறத்தல்

இப்போது பொதுக் கணக்கை ஒருவருக்கு உரியதாக்குங்கள். அதில் யாருடைய படங்களும் எண்களும் அதிகமோ அவரிடம் விட்டுவிடுவதே எளிது. மற்றவர்களுக்குப் புதிய கணக்குகளைத் திறந்து, ஒவ்வொன்றுக்கும் அவரவர் சொந்த எண்ணை மீட்பு எண்ணாகக் கொடுங்கள். 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பெற்றோர் தம் கணக்கின்கீழ் ஃபேமிலி லிங்க் வழியாகக் கணக்கு திறக்கலாம். பிள்ளை எந்தச் செயலியை இறக்கலாம், எத்தனை மணி நேரம் பேசியைப் பார்க்கலாம் என்பதையும் அங்கேயே வரையறுக்கலாம். சேரும் வசதிக்காகப் பிள்ளையின் பிறந்த ஆண்டை மாற்றிக் கொடுக்கும் பழக்கம் வேண்டாம். பின்னாளில் வயதை நிரூபிக்கச் சொல்லிக் கணக்கு முடங்கும்போது அதுவே சிக்கலாகும்.

தமிழ்ப்பள்ளியில் பிள்ளைக்குக் கல்வியமைச்சு தந்திருக்கும் டெலிமா கணக்கும் கூகுள் கணக்குதான் என்றாலும், அதை இந்த ஏற்பாட்டில் சேர்க்க முடியாது. பள்ளி, அலுவலகம் ஆகியவை தரும் கணக்குகள், இடத்தைப் பங்கிடுவதற்கான கூகுள் குடும்பக் குழுவில் சேர்வதில்லை. குடும்பப் படங்களை அதில் ஏற்றுவதும் சரியல்ல. அது நிறுவனத்தின் பொறுப்பில் உள்ள கணக்கு. பிள்ளை பள்ளியை விட்டு வந்தபின் அது உங்கள் கையில் இருக்காது.

பழைய கணக்கிலிருந்து எண்களைப் பிரிப்பதற்கு, தொடர்புகள் செயலியில் ‘ஏற்றுமதி’ என்பதை அழுத்தி எல்லா எண்களையும் ஒரே கோப்பாக எடுத்து, புதிய கணக்கில் ‘இறக்குமதி’ செய்து, பிறகு தேவையற்றவற்றை நீக்குங்கள். படங்களுக்கு, பழைய கணக்கில் ஒரு பகிர்வு ஆல்பம் அமைத்து, அம்மாவுக்கு உரியவற்றை அதில் இட்டு, அம்மாவின் புதிய கணக்கிலிருந்து அவற்றைச் சேமித்துக்கொள்வது போதும். சேமித்தவை புதிய கணக்கில் உண்மையாகவே திறக்கின்றனவா என்று நாலைந்து படங்களைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பழைய கணக்கை அந்தப் பேசியிலிருந்து நீக்க வேண்டும். எல்லாப் பேசிகளும் மாறியபின் பழைய கணக்கின் கடவுச்சொல்லை மாற்றி, அதற்கு இனி உரியவரின் பேசியைத் தவிர மற்றக் கருவிகள் அனைத்திலிருந்தும் வெளியேற்றிவிடுங்கள். விற்றுவிட்ட பேசி ஏதேனும் அந்தப் பட்டியலில் இருப்பதைக் கண்டால் வியப்படைய வேண்டாம். எங்கள் பட்டியலில் இரண்டு இருந்தன.

வாட்ஸ்அப் எனும் புலனத்தை மறந்துவிடக் கூடாது. அதன் அமைப்புகளில் உரையாடல் காப்புப்பிரதி எந்தக் கூகுள் கணக்குக்குப் போகிறது என்று குறிப்பிட்டிருக்கும். அதைப் புதிய கணக்குக்கு மாற்றி, உடனே ஒரு முறை காப்புப்பிரதி எடுங்கள். ஆண்ட்ராய்டு பேசிகளில் இந்தக் காப்புப்பிரதி முன்பு கூகுள் இடத்தில் கணக்கிடப்படாமல் இருந்தது. 2024 முதல் அதுவும் உங்கள் இடத்தைத் தின்கிறது. தோட்டக் கோவில் குழு, பழைய மாணவர் குழு, காலை வணக்கப் படங்கள் என்று பல குழுக்களில் இருப்பவர்களுக்கு இது சிறிய அளவாக இராது. காணொளிகளைக் காப்புப்பிரதியில் சேர்க்க வேண்டாம் என்று அணைத்துவைத்தால் சுமை வெகுவாகக் குறைந்துவிடும்.

இடத்தைப் பங்கிடுதல்

ஒவ்வொரு கூகுள் கணக்குக்கும் 15 ஜிபி இலவசம். ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் அது. சுருக்கிய தரத்தில் படங்களை வரம்பின்றி ஏற்றலாம் என்றிருந்த சலுகை 2021 ஜூன் 1ஆம் நாளோடு முடிந்தது. ஆனாலும், ஐந்து பேரை ஒரே கணக்கிலிருந்து ஐந்து கணக்குகளுக்குப் பிரித்தாலே 15 ஜிபி, ஒரு காசு செலவில்லாமல் 75 ஜிபி ஆகிவிடுகிறது. இதை உணராமல் நெருக்கடியான ஒரே கணக்குக்காகப் பணம் கட்டியவர்கள் உண்டு. நானும் எட்டு மாதம் கட்டினேன்.

பிரித்தும் போதவில்லை என்றால்தான் கட்டணத் திட்டம். குடும்பத்தில் 18 வயதுக்கு மேற்பட்ட ஒருவர் நிர்வாகியாக இருந்து கூகுள் ஒன் திட்டத்தில் 100 ஜிபியோ அதற்கு மேலோ வாங்கி, அச்செயலியின் அமைப்புகளில் குடும்பத்தோடு பகிரும் வசதியை இயக்கி, மற்றவர்களின் மின்னஞ்சல் முகவரிக்கு அழைப்பு அனுப்ப வேண்டும். அவர்கள் தத்தம் பேசியில் அழைப்பை ஏற்றுக்கொண்டால் வேலை முடிந்தது. நிர்வாகியோடு சேர்த்து ஆறு பேர் வரை இருக்கலாம். ஒவ்வொருவரும் முதலில் தம் சொந்த 15 ஜிபியைப் பயன்படுத்துவர். அது நிறைந்த பிறகே பொது இடத்தைத் தொடுவர். யார் எவ்வளவு எடுத்திருக்கிறார் என்பதை நிர்வாகி பார்க்கலாமே தவிர, அவர்கள் வைத்திருக்கும் படங்களையும் கோப்புகளையும் பார்க்க முடியாது. அண்ணன் நிர்வாகி என்றால் தன் படங்களையெல்லாம் பார்ப்பானோ என்று தயங்கிய தங்கைக்கு இதை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

நிர்வாகியைத் தேர்ந்தெடுப்பதில் சற்று யோசனை வேண்டும். குடும்பக் குழுவில் உள்ள அனைவரும் ஒரே நாட்டில் வசிப்பவர்களாக இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. சிங்கப்பூரிலேயே தங்கி வேலை செய்யும் மகன், கணக்கின் நாட்டை அங்கே மாற்றிக்கொண்டவர் என்றால், சம்பளம் அதிகம் வாங்குகிறார் என்பதற்காக அவரை நிர்வாகியாக்கும் திட்டம் நிறைவேறாது. ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு குழுவில் மட்டுமே இருக்கலாம். ஒரு குழுவிலிருந்து வேறொரு குழுவுக்கு 12 மாதங்களுக்கு ஒரு முறைதான் மாறலாம். கல்யாணம் நிச்சயமான மகளை இப்போது இங்கே சேர்ப்பதா, மாப்பிள்ளை வீட்டுக் குழுவில் நேராகச் சேரவிடுவதா என்று முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. வெளியேறினாலும் அவருடைய படங்கள் அவருடைய கணக்கிலேயே இருக்கும். பொது இடத்தின் துணைதான் போகும்.

கட்டணம் மாதந்தோறும் தானாகப் பிடிக்கப்படுவதால், நிர்வாகியின் அட்டை காலாவதியானாலோ மின்பணப்பையில் பணம் இல்லாமல் போனாலோ திட்டம் நின்றுவிடும். அப்போது 15 ஜிபிக்கு மேல் வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் புதிய படம் ஏறாது, மின்னஞ்சலும் வராது. இருந்தவை உடனே அழிவதில்லை. ஆனால் அளவுக்கு மீறிய நிலை இரண்டு ஆண்டுகள் நீடித்தால் அவற்றை அழிக்கும் உரிமை கூகுளுக்கு உண்டு. ஆண்டுக் கட்டணமாகக் கட்டினால் இந்தத் தொல்லை ஆண்டுக்கு ஒரு முறையோடு போகும், விலையும் சற்றுக் குறையும். குடும்பத்துக்குப் பொதுவான கட்டண முறையை பிளே ஸ்டோரில் அமைப்பவர்கள், பிள்ளைகள் எதை வாங்கினாலும் நிர்வாகியின் ஒப்புதல் தேவை என்னும் அமைப்பையும் அதே கையோடு இயக்கிவிட வேண்டும்.

வீட்டில் எல்லாரும் ஐஃபோன் வைத்திருந்தால் ஐகிளவுட்டின் குடும்பப் பகிர்வே போதும். அங்கே இலவச இடம் 5 ஜிபிதான். கட்டணத் திட்டம் 50 ஜிபியில் தொடங்குகிறது. அதிலும் ஆறு பேர் வரை சேரலாம். ஐஃபோனும் ஆண்ட்ராய்டும் கலந்த வீடு என்றால் கூகுளைத் தேர்ந்தெடுங்கள். அதன் செயலிகள் இரண்டிலும் ஒழுங்காக ஓடும்.

எவ்வளவு இடம் வாங்குவது என்பதை ஊகிப்பதைவிடக் கணக்கிடுவது மேல். ஐஃபோனில் 4கே தரத்தில் நொடிக்கு 30 சட்டங்கள் வீதம் எடுக்கும் காணொளி ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 170 எம்பி. தைப்பூசத்தன்று ஈப்போ குனோங் சீரோ கல்லுமலைக் கோவிலில் காவடி ஊர்வலத்தை அரை மணி நேரம் அப்படி எடுத்தால் 5.1 ஜிபி, ஐகிளவுட்டின் இலவச இடம் ஒரே காலையில் தீர்ந்தது. அதையே 1080பி தரத்தில் எடுத்தால் நிமிடத்துக்கு 60 எம்பிதான் ஆகும். மூன்றில் ஒரு பங்குக்கு அருகில். பேசியின் கேமரா அமைப்பில் தரத்தைக் குறைப்பது, பெரிய திட்டத்துக்கு மாறுவதைவிட மலிவான தீர்வு. கூகுள் ஃபோட்டோஸில் ‘சேமிப்பு மிச்சம்’ என்னும் தரத்தைத் தேர்ந்தெடுத்தால் 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படங்கள் அந்த அளவுக்குச் சுருக்கப்படும். கல்யாண ஆல்பத்துக்கு அச்சிடவும் அது தாராளம்.

முதல் முறை எல்லாப் படங்களும் ஏறப் பல நாட்கள் ஆகலாம். செம்பனைக்கு நடுவே இருக்கும் தோட்டக் குடியிருப்பு லயங்களில் லைன் ஒரு கோடு, இரண்டு கோடு என்று வந்துபோகும் நிலையில், ப்ரிபெய்ட் தரவில் ஏற்ற முயன்றால் மாதக் கோட்டா முதல் நாளே காலியாகும். வைஃபையில் மட்டும் ஏற்றும்படி அமைத்து, இரவில் பேசியை மின்னேற்றியில் செருகி விட்டுவிடுங்கள். வீட்டில் வைஃபை இல்லாதவர்கள் நகரத்தில் இருக்கும் உறவினர் வீட்டில் ஓர் இரவு தங்கும்போது இதை முடிக்கலாம்.

பத்திரங்களுக்கு ஒரு பொது அடைவு

படங்களைவிட இந்த ஏற்பாட்டின் பயனை எங்கள் வீட்டில் உணர்த்தியது பத்திரங்கள்தான். உதவித்தொகை விண்ணப்பமோ, யுபியு வழியாகப் பல்கலைக்கழக விண்ணப்பமோ, சொக்சோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்திடம் கோரிக்கையோ, எதுவாக இருந்தாலும் பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, எஸ்பிஎம் பள்ளித் தேர்வுச் சான்றிதழ் என்று கேட்பார்கள். அவை பாட்டியின் இரும்புப் பெட்டியிலோ அண்ணன் வீட்டு அலமாரியிலோ இருக்கும். இதற்காக கூகுள் டிரைவில் ஒருவர் ஓர் அடைவை (ஃபோல்டரை) திறந்து, அதற்குள் ஆளுக்கோர் உள்ளடைவு வைத்து, டிரைவ் செயலியிலேயே உள்ள ‘ஸ்கேன்’ வசதியால் ஒவ்வொரு பத்திரத்தையும் பிடிஎஃப் ஆக்கி ஏற்றலாம். பெயரிடுவதில் சோம்பல் கூடாது. ‘ஸ்கேன் 0034’ என்று கிடக்கும் கோப்பை அவசரத்தில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ‘அம்மா – பிறப்புப் பத்திரம் – இரு பக்கம்’ என்று எழுதினால் தேடுபெட்டியில் தமிழிலேயே தட்டி எடுக்கலாம்.

பகிரும்போது எல்லாருக்கும் ‘திருத்துபவர்’ உரிமை கொடுக்க வேண்டியதில்லை. பொறுப்பாக இருக்கும் இருவருக்கு அதைக் கொடுத்து, மற்றவர்களைப் ‘பார்வையாளர்’ என்ற அளவில் வைத்தால் தவறி அழிப்பது நடக்காது. பகிர்வு ‘கட்டுப்படுத்தப்பட்டது’ என்ற நிலையிலேயே இருக்கட்டும். ‘இணைப்பு உள்ள எவரும்’ என்று மாற்றினால், புலனக் குழு ஒன்றில் தவறி விழுந்த இணைப்பின் வழியாக 12 இலக்க அடையாள எண்ணோடு முழு அட்டையும் வெளியே போய்விடும். பகிரப்பட்ட கோப்பு அதை ஏற்றியவரின் இடத்தில் மட்டுமே கணக்கிடப்படும். பார்க்கும் மற்ற ஐவருக்கும் இடம் செலவாகாது. அடையாள அட்டையின் படத்தைக் குடும்பத்துக்கு வெளியே யாருக்கேனும் அனுப்ப நேர்ந்தால், எதற்காக, யாருக்காக என்று குறுக்கே எழுதிய தனிப் பிரதியை அனுப்புங்கள். அடைவில் உள்ள மூலத்தை அல்ல.

பூட்டும் சாவியும்

கணக்குகள் பிரிந்தபின் ஒவ்வொன்றிலும், கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பை இயக்குங்கள். பிறகு அதே பகுதியில் கூகுளிடமிருந்து பத்து காப்புக் குறியீடுகளை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒவ்வொன்றும் ஒரு முறைதான் செல்லும். அவற்றைப் பேசியில் படமெடுத்து வைப்பதில் பொருளில்லை, ஏனெனில் பேசி தொலைந்த நாளில்தான் அவை தேவைப்படும். தாளில் எழுதி, பிறப்புப் பத்திரங்கள் இருக்கும் அதே பெட்டியில் வையுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்: தாம் கேட்காமல் வரும் சரிபார்ப்பு எண்ணை, பேரன் பெயரைச் சொல்லி யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. கல்யாண அழைப்பிதழ் என்ற பெயரில் புலனத்தில் வரும் ஏபிகே கோப்பை, அதாவது ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பை, தொடவும் கூடாது. நிறுவினால் குறுஞ்செய்திகளைப் படித்து வங்கிக் கணக்கு வரை போகும் செயலி அது. பணம் போய்விட்டால் உடனே வங்கியையும் தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997 எண்ணையும் அழைக்க வேண்டும்.

வீட்டில் ஒருவர் கணக்கு நெடுங்காலம் திறக்கப்படாமல் கிடந்தால் என்னவாகும் என்பதையும் இப்போதே தீர்த்துவைக்கலாம். இரண்டு ஆண்டுகள் எந்தப் பயன்பாடும் இல்லாத தனிநபர் கணக்குகளை நீக்கும் கொள்கையை கூகுள் 2023 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்துகிறது. இறந்துபோன தாத்தாவின் படங்கள் அவர் கணக்கில் மட்டும் இருந்தால் அவை அதோடு போய்விடும். கணக்கின் அமைப்புகளில் ‘செயலற்ற கணக்கு நிர்வாகி’ என்ற பகுதியில், 3, 6, 12, 18 மாதங்களில் எத்தனை மாதம் கணக்கு அசையாமல் இருந்தால், யாருக்கு எவற்றை ஒப்படைப்பது என்று பத்துப் பேர் வரை குறிப்பிடலாம். ஐஃபோனில் இதே நோக்கத்துக்கு மரபுத் தொடர்பு என்ற அமைப்பு உண்டு. அப்பா ஆறு மாதத்தைத் தேர்ந்தெடுத்தார். ஒப்படைக்க வேண்டிய ஆள் என்று கேட்ட இடத்தில் தொடர்புப் பட்டியலைத் திறந்தார். அதில் இப்போது ‘மாமா’ என்று ஒருவர்தான் இருந்தார்.